கோட்டைக்குப்பத்துப் பெண்ணுக்கு நான் சொல்லிக்கொடுத்தவை

கொரோனா அடங்கி கல்லூரி திறந்த வருஷம். முதல்வர் ஆசிரியர்கள் எல்லோரையும் கூட்டி வைத்து, இந்த வருஷம் புதிதாகச் செயற்கை நுண்ணறிவுப் பிரிவு தொடங்குகிறோம், ஒரு இடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்றார். ஆளுக்கு ஐந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சேர்க்காதவர்களுக்கு என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. முந்தின வருஷம் சேர்க்காத இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் இல்லை. அதனால் சொல்லவும் தேவையிருக்கவில்லை.

நான் பழவேற்காட்டுக்காரி. வாப்பா கடைத்தெருவில் கயிறும் வலையும் விற்றார். ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் அவரைத் தெரியாத படகுக்காரர் கிடையாது. நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் இந்தப் பொறியியல் கல்லூரியில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். பாடம் நடத்துவதோடு, இறுதியாண்டுப் பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்யும் பொறுப்பும் என்னுடையது. எப்படி உட்கார வேண்டும், எப்படித் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பதெல்லாம் என்னிடம்தான் வரும். வாப்பாவின் கடையைச் சொன்னால் எந்த வீட்டிலும் உள்ளே வந்து உட்காரச் சொல்வார்கள். அந்த வருஷம் அதை வைத்துத்தான் நான் வீடு வீடாகப் போனேன்.

நான்கு பேர் சுலபமாகக் கிடைத்தார்கள். ஐந்தாவது பெண்ணைப் பற்றி அவளுடைய பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் சொன்னார். கோட்டைக்குப்பத்துப் பெண், கணக்கில் அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை, ஆனால் நர்சிங் சேரப்போகிறாளாம் என்றார். அன்று சாயங்காலமே போனேன்.

அவளுடைய நைனா வீட்டு வாசலில் படகு என்ஜினைக் கழற்றிப் போட்டு மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். கயிறுக்கடை பாய் பொண்ணு என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார். அவர் மனைவி ஏலத்தில் இறால் எடுத்துப் பொன்னேரி மார்க்கெட்டில் விற்கிறவர். அப்போதுதான் திரும்பி வந்திருந்தார். நர்சிங் விண்ணப்பம் பூர்த்தி செய்யப்பட்டு, டிவிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. நைனாவுடைய தங்கை மகள் சென்னையில் நர்ஸாக இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள் என்றார்கள்.

அரை மணி நேரம் பேசினேன். இனிமேல் உலகமே இந்தப் படிப்பில்தான் ஓடப்போகிறது என்றேன். படித்து முடிப்பதற்கு முன்பே கம்பெனிக்காரர்கள் தேடி வந்து எடுத்துக்கொள்வார்கள் என்றேன். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்பதால் கட்டணத்தை அரசே கட்டிவிடும் என்றேன். நர்ஸ் வேலையில் நாள் முழுக்க நிற்க வேண்டும், இது உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றேன். இதைச் சொன்னதும் அவளுடைய அம்மா தன் கணவரைப் பார்த்தார். தினமும் மார்க்கெட்டில் நின்று கால் வீங்கி வருகிறவர் அவர். அந்தப் பேச்சு அங்கே எடுபடும் என்று எனக்குத் தெரிந்துதான் சொன்னேன்.

அவளுடைய நைனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இத நீங்க படிச்சிருக்கீங்களாம்மா?"

படித்திருக்கிறேன் என்றேன். அன்றைக்கு அந்தப் படிப்பில் ஒரு பாடம்கூட எனக்குத் தெரியாது.

அவள் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியான பெண், கண்ணாடி போட்டிருந்தாள். கணக்கு நிறைய வருமா மேடம் என்று கேட்டாள். நிறைய வரும் என்றேன். நான் அந்த வீட்டில் சொன்னதில் உண்மை என்று ஒன்று இருந்தால் அது அதுதான். அதை நம்பித்தான் அவளும் வந்தாள்.

பாடம் தொடங்குவதற்கு முன் எங்களுக்கு ஆறு நாள் ஆன்லைனில் பயிற்சி கொடுத்தார்கள். யாரோ ஒருவர் வேகவேகமாகப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஆறாம் நாள் சான்றிதழ் வந்தது. அதை முதல்வர் சட்டம் போட்டு ஆய்வகச் சுவரில் மாட்டினார். நான் அந்தப் பக்கங்களையே திரையில் போட்டு நடத்தினேன். பாதிப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள், பாதிப் பேர் போன் பார்த்தார்கள். அவள் மட்டும் கேள்வி கேட்டாள்.

இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. இயந்திரம் எவ்வளவு தப்பாகச் சொல்கிறது என்று கணக்கிடும்போது, ஒவ்வொரு பிழையையும் வர்க்கம் எடுத்துக் கூட்டுவோம். ஏன் வர்க்கம் எடுக்க வேண்டும், அப்படியே கூட்டினால் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இது பரீட்சைக்கு வராது, உட்கார் என்றேன். மறுநாள் வகுப்பு முடிந்ததும் வந்தாள். அப்படியே கூட்டினால் கூடுதலாகச் சொன்ன தப்பும் குறைவாகச் சொன்ன தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, தப்பே இல்லாத மாதிரி காட்டும், அதனால்தான் மேடம் என்றாள். என்னை மட்டம் தட்டுவதற்காகச் சொல்லவில்லை. நானும் தெரிந்துகொண்டால் நல்லது என்று நினைத்து வந்திருந்தாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

மூன்றாம் வருஷம் அவள் செய்த புராஜெக்ட் இறாலைப் பற்றியது. அம்மாவோடு விடியற்காலையில் ஏலத்துக்குப் போய், கூடை கூடையாக இறாலைப் போனில் படம் எடுத்தாள். வெள்ளை இறால் எது, வரி இறால் எது, எது அன்றைக்குப் பிடித்தது, எது முந்தின நாளுடையது என்று படத்தைப் பார்த்து இயந்திரம் சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வகக் கம்ப்யூட்டர்கள் அதைத் தாங்கவில்லை, ஓட விட்டால் நின்றுபோகும். படங்களைச் சின்னதாக்கி, கணக்கைக் குறைத்து, இரண்டு மாதம் போராடி ஓட வைத்தாள். வகை பிரிப்பதில் அது அநேகமாகத் தப்பு செய்யவில்லை. பழசைக் கண்டுபிடிப்பதில்தான் கொஞ்சம் தடுமாறியது. ஐஸில் வைத்ததும் நிறம் மாறிவிடுகிறது, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும் என்றாள். எங்கள் கல்லூரியில் ஒரு மாணவி தானாக யோசித்து, தானாகச் செய்து, எங்கே தவறுகிறது என்றும் தானே சொன்ன ஒரே புராஜெக்ட் அதுதான். மற்றவர்களுடையதெல்லாம் நான் கொடுத்தது.

பிறகு இறுதியாண்டு வந்தது. வழக்கமாக எங்கள் கல்லூரிக்கு ஒரு பெரிய கம்பெனி வரும். வந்தால் கும்பலாக எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று அவர்கள் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள், எடுத்த பிறகு அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். அந்த வருஷம் அவர்கள் வரவில்லை. முதல்வர் எங்களைத் தன் அறையில் வைத்துக்கொண்டே போன் செய்து கேட்டார். புதிதாக ஆள் எடுப்பதைக் குறைத்துவிட்டோம், ஆரம்ப நிலை வேலையை இப்போது மென்பொருளே செய்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். எந்தப் படிப்பின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைச் சேர்த்தோமோ அதுதான் அந்த வேலையை எடுத்துக்கொண்டது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. முதல்வர் என்னைப் பார்த்து, வேறு கம்பெனிகள் ஆன்லைனில் எடுக்கிறார்கள், அதற்குத் தயார் பண்ணுங்கள் என்றார்.

ஆன்லைனில் என்றால், கேள்வி கேட்பதும் ஆள் இல்லை. திரையில் எழுத்து வரும், ஒரு குரல் கேட்கும். பிள்ளைகள் கேமராவைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு, எழுதி, மதிப்பெண் போடுவதும் இயந்திரம். அதற்குப் பழகுவதற்கென்று கல்லூரி ஒரு மென்பொருள் வாங்கியது. நான் அதை ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி உட்கார வேண்டும். கண்ணை அகற்றக் கூடாது. யோசிப்பதற்காக நிறுத்தினால், பதில் முடிந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்ளும், அதனால் நிறுத்தக் கூடாது. யோசிக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சம்பளம் வாங்கினேன்.

அவள் முறை வந்தது. இறால் புராஜெக்டைப் பற்றி ஆங்கிலத்தில் நன்றாகவே சொன்னாள். முடிந்ததும் இயந்திரம் எழுதிக்கொண்டதைத் திரையில் காட்டியது. அவள் 'ப்ரான்' என்று சொன்ன இடமெல்லாம் அது 'ப்ரவுன்' என்று எழுதியிருந்தது. எங்கள் ஏரியில் இரண்டு வகைப் பழுப்பு நிறம் பிடிபடுகிறது என்றும், என் அம்மா பழுப்பு நிறத்தைப் பொன்னேரியில் விற்கிறார் என்றும் வந்திருந்தது. வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். பேச்சுத் தெளிவுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டிருந்தது.

பத்து நாள் அந்த ஒரு சொல்லை விதவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். உண்மையான நேர்காணல் எங்கள் ஆய்வகத்திலேயே நடந்தது, குப்பத்தில் சிக்னல் நிற்காது. அதில் அது என்ன எழுதிக்கொண்டது என்று யாருக்கும் காட்டவில்லை. இரண்டு நாளில் மெயில் வந்தது. வருந்துகிறோம் என்று நான்கு வரி.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் இன்றுவரை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

என்னிடம் ஒரு ஃபைல் உண்டு. பல வருஷமாக நேர்காணலில் எடுபட்ட பதில்களைச் சேர்த்து வைத்தது. அதில் வீட்டு விலையைக் கணிக்கிற புராஜெக்ட் ஒன்று இருந்தது. எத்தனை அறை, எந்த ஏரியா என்று கொடுத்தால் விலை சொல்லும். ஊருக்கு ஊர் எல்லாக் கல்லூரியிலும் செய்கிற ஒன்று. அவளைக் கூப்பிட்டு, இறாலை விடு, இதைச் சொல், இதில் இருக்கிற சொற்களெல்லாம் அதற்கு நன்றாகப் புரியும் என்றேன்.

"இது என்னோடது இல்லையே மேடம்" என்றாள்.

வேலை கிடைத்த பிறகு உன்னோடதைச் செய்துகொள், இப்போது இதை மனப்பாடம் பண்ணு என்றேன். அவள் ஃபைலை வாங்கிக்கொண்டு போனாள். என் பேச்சை மீறுகிற பெண் இல்லை.

அடுத்த கம்பெனியின் நேர்காணலில் ஒரு இடத்தில்கூட நிறுத்தாமல் பதில் சொன்னாள். நான் ஆய்வகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், நான் சொல்லிக்கொடுத்த இடங்களில் சிரித்தாள். கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் மெயில் வந்தது. அவளுடைய பதில்கள் வேறு பல விண்ணப்பதாரர்களின் பதில்களோடு மிகவும் ஒத்துப்போகின்றன, எழுதி வைத்துப் படித்ததாகச் சந்தேகிக்கிறோம், ஒரு வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்று இருந்தது.

நான் அந்த முகவரிக்கு எழுதினேன். தவறு அவளுடையது இல்லை, பதிலைக் கொடுத்தது நான்தான், அவளுக்குச் சொந்தமாக ஒரு புராஜெக்ட் இருக்கிறது, தயவு செய்து அதைப் பாருங்கள் என்று விவரமாக எழுதினேன். இந்த முகவரிக்கு வரும் கடிதங்களை யாரும் படிப்பதில்லை என்று உடனே ஒரு பதில் வந்தது. அடுத்த வாரக் கூட்டத்தில் முதல்வர், நம் மாணவி ஒருத்தி காப்பியடித்துக் கல்லூரிப் பெயரைக் கெடுத்துவிட்டாள் என்றார். நான் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்லியிருக்கலாம். முன்னே இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

அதற்குப் பிறகு அவள் விண்ணப்பித்த எந்தக் கம்பெனியிலிருந்தும் கூப்பிடவில்லை. அதே மென்பொருளைத்தான் பலரும் வைத்திருந்தார்கள். அதனாலா, அந்த வருஷம் யாரையுமே கூப்பிடாததாலா என்று தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை.

பட்டம் வாங்கிய பிறகு வீட்டிலிருந்தே ஒரு வேலை செய்தாள். படங்களில் கார், மனிதர், மாடு, விளக்குக் கம்பம் என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் எழுத வேண்டும், அதைப் பார்த்து இயந்திரம் கற்றுக்கொள்ளும். சிக்னலுக்காகப் பகல் முழுக்க மொட்டை மாடியில் குடை பிடித்து உட்கார்ந்திருப்பாள் என்று அவளுடைய அம்மா சொன்னார். சில மாதத்தில் அதுவும் நின்றது. இனி தேவைப்படாது என்றார்களாம்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் பழவேற்காடு கடைத்தெருவில் அவளுடைய நைனாவைப் பார்த்தேன். வழி மாறிப் போகலாம் என்று நினைத்தேன், அதற்குள் அவர் பார்த்துவிட்டார். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், நான் இன்னும் சில இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று இல்லாததைச் சொன்னேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "வுடுங்கம்மா, நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தங்கை மகளுக்கு ஆஸ்பத்திரியில் பதவி உயர்வு வந்திருக்கிறது என்று அவராகவே சொன்னார். குத்திக்காட்டச் சொன்ன மாதிரி இல்லை. வீட்டில் நடந்த நல்ல செய்தி, சொன்னார்.

இந்த வருஷம் மறுபடியும் சேர்க்கை வேலை. எனக்கு ஆரம்பாக்கம் பக்கத்துப் பள்ளிகளைக் கொடுத்தார்கள். மேற்படிப்பு வழிகாட்டல் என்ற பெயரில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளிடம் பேசினேன். கல்லூரி அச்சடித்துக் கொடுத்த விளம்பரத் தாளைக் கொடுத்தபோதுதான் அதன் பின்பக்கத்தைக் கவனித்தேன். இறால் கூடைக்கு மேல் போனைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிற படம். செயற்கை நுண்ணறிவில் எங்கள் மாணவியின் சாதனை என்று போட்டிருந்தது. முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண், நெல் பயிர் செய்கிற வீட்டுப் பெண்ணாம், அந்தப் படத்தைக் காட்டி, இந்த அக்கா இப்போ எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டாள். பெரிய கம்பெனியில் என்றேன். மற்ற பிள்ளைகளும் தாளைத் திருப்பிப் பார்த்தார்கள்.

வெளியே வந்து அவளுக்குப் போன் செய்தேன். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் செல்போன் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்து, ஆரம்பாக்கத்தில் ஐந்து பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். காலை ஷிப்ட் முடிந்து வேனில் வந்து இறங்கினாள். நெடுஞ்சாலையோரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் மடித்து மறைத்து வைப்பதற்குள் அவள் தாளைப் பார்த்துவிட்டாள். கையில் வாங்கி, தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கூடைக்குப் பக்கத்தில் அம்மாவின் கை தெரிகிறது என்றாள்.

பள்ளிக்கூடத்தில் நான் சொன்ன பொய்யை அவளிடம் சொன்னேன்.

"பொய் இன்னா மேடம் இதுல. பெரிய கம்பெனிதான். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு நடக்கவே பத்து நிமிஷம் ஆவுது."

அவள் சிரிக்கவில்லை. நான் அதோடு நிறுத்தவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் உன் வீட்டுக்கு வந்தது உனக்காக இல்லை, எனக்கு ஐந்து பேர் கணக்கு இருந்தது, நீ ஐந்தாவது, உன் நைனா கேட்டபோது அந்தப் படிப்பு எனக்குத் தெரியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டால் இறங்கிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

"தெரியும் மேடம்" என்றாள். "எங்க தெருவுல எல்லார்க்கும் தெரியும்."

டீ ஆறிப்போனது. பேச்சை மாற்றுவதற்காக, வேலை எப்படியிருக்கிறது என்று கேட்டேன். போனின் பின்மூடியில் கீறல் இருக்கிறதா, திருகு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை, எட்டு மணி நேரம் நின்றுகொண்டே என்றாள். போன மாதம் அவளுடைய தலைக்கு மேல் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். அவள் பார்க்கிற ஒவ்வொரு மூடியையும் அதுவும் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்லும். தப்பாகச் சொன்னால் அவள் ஒரு பொத்தானை அழுத்தித் திருத்த வேண்டும். லைனில் இருக்கிற பெண்கள் எல்லோரும் அதை விளையாட்டாக நினைக்கிறார்களாம். இன்றைக்கு யாருடைய கேமரா அதிகம் தப்பு செய்தது என்று வேனில் சொல்லிச் சிரிப்பார்களாம்.

"முதல் வாரம் அது எவ்ளோ தப்பு பண்ணுச்சு, இப்ப எவ்ளோ பண்ணுதுன்னு நான் தினம் எண்ணிக்கினு வரேன் மேடம். கணக்குப் போட்டா, நாங்க வேணாம்னு ஆவுற நாள் தெரிஞ்சிடும். அவங்களுக்கு நான் சொல்லல."

எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் படிப்பு அவளுக்கு என்ன கொடுத்தது என்று யாராவது என்னிடம் கேட்டால், இதைத்தான் சொல்ல வேண்டும். மற்ற பெண்களுக்குத் தெரியாத ஒரு நாள் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் தூங்க வேண்டும் என்றாள், எழுந்தோம். அறை வரைக்கும் வரட்டுமா என்றேன். வேண்டாம் மேடம், உங்களுக்கு பஸ் போய்விடும் என்று என்னை நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டாள். பஸ் வந்ததும், கயிறுக்கடை பாய் உடம்பு எப்படியிருக்கிறது, விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்றாள். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் சாலையைக் கடந்துவிட்டிருந்தாள்.

பஸ் கும்மிடிப்பூண்டியைத் தாண்டும்போது அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் போன் செய்தார். நீங்கள் பேசிவிட்டுப் போனதிலிருந்து பிள்ளைகள் இதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள், மூன்று பேர் சேருவதாகச் சொல்கிறார்கள், அதில் முன் பெஞ்சுப் பெண் நாளைக்கே அப்பாவை அழைத்து வருகிறாளாம் என்றார். என் கை பையில் பேனாவைத் தேடியது. மூன்று பேருடைய போன் நம்பரையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். பஸ் இரைச்சலில் கடைசி நம்பர் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் சார் என்று கேட்டு, சரிபார்த்துக்கொண்டேன்.